கன்னக் குழிவும் கடைவாய்ப் பல்லும்

நுழையும்முன்

தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஆவி பிடிக்கிறார், தைலம் தடவுகிறார், மாத்திரை விழுங்குகிறார். நீர் வடிதல் நிற்கவில்லை. நோய் மூக்கில் தெரிகிறது. அதன் தோற்றுவாயோ மேல்தாடைக் கடைவாய்ப் பல்லொன்றின் வேர்நுனியில் இருக்கிறது. இரு மருத்துவத் துறைகளின் எல்லைக்கோட்டில் நின்று, இரு துறையினர் கண்ணுக்கும் தப்பிவிடும் அந்நோயின் இயல்பையும் அதைத் தீர்க்கும் முறையையும் விளக்குகிறது இப்பாடம்.

பறவை இறகும் பெண்மணியின் அச்சமும்

நாத்தானியல் ஹைமோர், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செர்போர்ன் நகரில் மருத்துவம் பார்த்து வந்தவர். 1651இல் இலத்தீன் மொழியில் அவர் ஓர் உடற்கூற்று நூலை வெளியிட்டார். இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்விக்கு உரிமையாக்கப்பட்ட அந்நூலில் ஒரு பெண்மணியின் நோய் வரலாறு இடம்பெற்றுள்ளது. அவருடைய மேல்தாடையின் இடப்பக்கக் கோரைப்பல் பிடுங்கப்பட்டபோது, பல்லின் வேருக்கு மேலிருந்த மெல்லிய எலும்பும் உடன் வந்துவிட்டது. அன்று முதல் அக்குழியின் வழியே நீர் ஓயாமல் கசிந்தது. எங்கிருந்து வருகிறது இந்நீர் என்று அறிய விரும்பிய அப்பெண்மணி, வெள்ளி ஊசியொன்றைக் குழிக்குள் செலுத்திப் பார்த்தார். அது உள்ளே சென்றுகொண்டே இருந்தது. பின்னர்த் தூவி நீக்கிய சிறு பறவை இறகின் தண்டைச் செலுத்தினார். அதுவும் ஏறத்தாழ முழுவதும் உள்ளே போயிற்று. தண்டு மூளையைத் தொட்டுவிட்டது என்று அஞ்சி நடுங்கிய அவர் ஹைமோரை நாடினார்.

இறகுத் தண்டு மூளைக்குச் செல்லவில்லை. கன்ன எலும்பினுள் இருக்கும் வெற்றிடத்தில் சுருண்டு கிடந்தது. அவ்வெற்றிடத்தின் அமைப்பை விளக்கி, ஹைமோர் அப்பெண்மணியின் அச்சத்தைப் போக்கினார். இக்குழிவு ஹைமோரின் பெயரால் நெடுங்காலம் வழங்கிவந்தது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1489இல், லியோனார்டோ டா வின்சி மண்டையோட்டை அறுத்து வரைந்த படங்களில் இக்குழிவைக் காட்டியிருந்தார். ஆயினும் அவருடைய ஏடுகள் அச்சேறாது கிடந்தமையால் மருத்துவ உலகம் அவற்றை அறியவில்லை. இத்தகைய குழிவொன்று உள்ளது என்பதையும் பல்லின் வேருக்கும் அதற்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடே என்பதையும் பலரறியச் செய்தது அப்பெண்மணியின் துன்பமே எனலாம்.

மேல்மாடத்தில் வாயில் கொண்ட அறை

மனித முகத்தின் எலும்புகளுக்குள் காற்று நிறைந்த நான்கு இணை அறைகள் உள்ளன. நெற்றியிலும், கண்களுக்கு இடையிலும், மூக்கின் பின்புற ஆழத்திலும், இரு கன்னங்களிலும் அவை அமைந்துள்ளன. மக்கள் ‘சைனஸ்’ என்று நோய்க்கு வழங்கும் பெயர், உண்மையில் இவ்வறைகளின் பெயரே ஆகும். நான்கனுள் பெரியது கன்னத்தில் உள்ள மேல்தாடைக் காற்றறை. வளர்ந்தோர்க்கு அது ஏறத்தாழ 15 மில்லிலிட்டர், அதாவது ஒரு மேசைக்கரண்டி நீர் கொள்ளும் அளவுடையது.

இவ்வறையின் உட்சுவரில் மெல்லிய சளிச்சவ்வு படர்ந்துள்ளது. சவ்வு சிறிதளவு சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். உள்ளே நுழையும் தூசியும் நுண்ணுயிரியும் அச்சளியில் ஒட்டிக்கொள்ளும். சவ்வின் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குப் புலனாகாத குறுயிழைகள் ஒரே திசையில் அசைந்து, அச்சளியை வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. வயலில் காற்றடிக்கும்போது நெற்கதிர்கள் அலையலையாகச் சாய்வதை இவ்வசைவுக்கு ஒப்பிடலாம்.

இங்கே ஒரு விந்தை உண்டு. அறையின் வாயில் அடித்தளத்தில் இல்லை. மூக்கை ஒட்டிய சுவரின் உச்சியில், மாடத்துச் சாளரம் போல உயரத்தில் இருக்கிறது. எனவே, சளி புவியீர்ப்பை எதிர்த்து மேலேறித்தான் வெளியேற வேண்டும். குறுயிழைகள் நலமாக இருக்கும் வரை இப்பணி இடையறாது நடைபெறும். அழற்சியால் சவ்வு வீங்கி வாயில் அடைபட்டாலோ குறுயிழைகள் செயலிழந்தாலோ சளி தேங்கும், தேங்கியது சீழாகும்.

அறையின் தரை எது என்பதே இப்பாடத்தின் மையப் பொருள். மேல்தாடையின் கடைவாய்ப் பற்கள் வேர் ஊன்றி நிற்கும் எலும்பின் மேற்புறமே அந்தத் தரை. குழந்தை பிறக்கும்போது இக்காற்றறை மிகச் சிறிதாக இருக்கும். வளர வளரக் கீழ்நோக்கி விரியும். 12 வயதளவில் அதன் தரை மூக்கின் தரைக்குச் சமமாகும். பின்னர் அதனினும் தாழும். பதின்பருவத்தின் இறுதியிலேயே அது தன் முழு அளவை எட்டுகிறது. அந்நிலையில் இரண்டாம் பின்கடைவாய்ப் பல்லின் வேர்நுனிகள் தரைக்கு மிக அண்மையில் இருக்கும். முதலாம் பின்கடைவாய்ப் பல்லும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் அடுத்த நிலையில் நிற்கும். சிலருக்கு இடையே சில மில்லிமீட்டர் எலும்பு உண்டு. வேறு சிலருக்கு எலும்பே இல்லாமல், வேர்நுனியைச் சளிச்சவ்வு மட்டுமே மூடியிருக்கும்.

சொத்தை மேலேறும் வழி

பல்லின் வெளிப்புறமாகிய எனாமல், உடலின் எல்லாத் திசுக்களையும்விடக் கடினமானது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைச் சிதைத்து உண்டாக்கும் அமிலத்திற்கு அதுவும் கரைகிறது. எனாமலைக் கடந்த சொத்தை, உள்ளிருக்கும் டென்டைனைத் துளைத்து, நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பற்கூழை அடைகிறது. அப்போது ஏற்படும் வலி கடுமையானது. இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுப்பது. ஆனால், சில நாள்களில் அது தானாகவே தணிந்துவிடுவதும் உண்டு. நோய் தீர்ந்தது என்று பலரும் மகிழ்வது அப்போதுதான். உண்மையில் அங்கே பற்கூழ் இறந்துவிட்டது. உணர்வதற்கு நரம்பு இல்லாமையால் வலியும் இல்லை.

இறந்த பற்கூழ் பாக்டீரியாக்களின் உறைவிடமாகிறது. அவை வேரின் நுனித்துளை வழியே வெளியேறி, சூழ்ந்துள்ள எலும்பை அரிக்கத் தூண்டுகின்றன. கீழ்த்தாடையில் இவ்வாறு நேர்ந்தால் சீழ் வெளியேற வழியின்றிக் கன்னம் வீங்கும். நோயாளி மருத்துவரிடம் ஓடுவார். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லில் நேரும்போதோ, மெல்லிய தரையைக் கடந்து காற்றறைக்குள் சீழ் வடிந்துவிடக்கூடும். அழுத்தம் குறைவதால் பல் வலிப்பதில்லை, ஈறு வீங்குவதில்லை. பல்லால் வந்த நோயில் பல் வாய்மூடிக் கிடப்பது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் ஒன்று உண்டு. மேல்தாடைப் பற்களுக்குச் செல்லும் நரம்புக் கிளைகள் காற்றறையின் சுவரை ஒட்டியே செல்கின்றன. எனவே, கடுமையான சளி பிடித்துக் காற்றறை வீங்கும்போது, குற்றமற்ற பற்கள் வலிக்கின்றன. குனிந்தாலும் படியிறங்கினாலும் அவ்வலி மிகும். ஒரு பல் மட்டுமன்றி அப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் பலவும் ஒருசேர வலிப்பது இதன் அடையாளம். இதை அறியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வோரும் உளர். பிடுங்கிய பின்னும் வலி தொடரும்போதுதான் தவறு விளங்கும். அதற்குள் பல் போயிருக்கும்.

ஒருபக்கம் மட்டும் வரும் நோய்

சாதாரணச் சளியாலும் ஒவ்வாமையாலும் வரும் காற்றறை அழற்சி, பெரும்பாலும் முகத்தின் இருபக்கத்தையும் தாக்கும். பல்லால் வருவதோ பெரும்பாலும் நோயுற்ற பல் இருக்கும் பக்கத்தில் மட்டும் தோன்றும். ஒரு நாசித்துளையில் மட்டும் மஞ்சள் நிறச் சளி வருதல், அது தொண்டைக்குள் இறங்குதல், ஒரு கன்னத்தில் மட்டும் கனம் தோன்றுதல் ஆகியன காணப்படும். இவற்றினும் முதன்மையான அறிகுறி, துர்நாற்றம். அருகிலிருப்போர் உணராவிடினும் நோயாளி தம் மூக்கினுள் அழுகல் நாற்றத்தை உணர்வார். உயிர்வளி இல்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் வாயிலிருந்து குடியேறியதன் விளைவே அந்நாற்றம். நாற்றத்துக்கு அஞ்சிப் பிறருடன் பேசவும் கூசி ஒதுங்கும் நோயாளியின் மனத்துயரை எந்த ஸ்கேன் படமும் காட்டுவதில்லை.

மேல்தாடைக் காற்றறை அழற்சியில் பத்தில் ஒரு பங்கே பல்லால் வருகிறது என்று முற்காலப் பாடநூல்கள் எழுதின. சி.டி. ஸ்கேன் பரவிய பின்னர் நடந்த ஆய்வுகள் சில, நாள்பட்ட நோயில் அப்பங்கு 40 விழுக்காடு வரை இருக்கலாம் என்று காட்டின. ஒருபக்கம் மட்டும் தோன்றும் நோயில் அது இன்னும் மிகுதி. நோய் பெருகியது என்று இதற்குப் பொருளில்லை. முன்பு பார்க்கத் தவறியதை இப்போது பார்க்கிறார்கள் என்பதே பொருள்.

இன்றும் பார்க்கத் தவறுதல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் அகநோக்கியை மூக்கினுள் செலுத்திச் சீழைக் காண்கிறார். வாயைத் திறந்து பற்களைத் தட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கத்தில் இல்லை. பல் மருத்துவர் சிறிய எக்ஸ் கதிர்ப் படத்தில் பல்லைக் காண்கிறார். மேல்தாடையில் பல எலும்புகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், வேர்நுனியின் சிறு அரிப்பு அப்படத்தில் மறைந்துவிடக்கூடும். கூம்புக் கற்றை சி.டி. எனப்படும் முப்பரிமாணப் படம் இம்மறைவை நீக்குகிறது. வேரும் அதன் மேலுள்ள தரையும் வீங்கிய சவ்வும் அதில் ஒருசேரத் தெரிகின்றன. இதனுடன், குளிர்ந்த பொருளைப் பல்லில் தொட்டுப் பற்கூழ் உயிருடன் உள்ளதா என அறியும் எளிய சோதனையும் செய்யப்பட வேண்டும். உயிருள்ள பல் குளிர்ச்சியை உணரும். இறந்த பல் உணராது. இரு துறையினரும் தத்தம் பங்கை உறுதிசெய்த பின்னரே நோயைப் பல்வழி நோய் என்று முடிவு செய்ய வேண்டும் என்பது, இத்துறை வல்லுநர் பலர் 2021இல் வெளியிட்ட பன்னாட்டுக் கருத்தொருமிப்பின் சாரம்.

மருந்து ஏன் தோற்கிறது?

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உட்கொண்டால் சில நாள்களில் சளி குறைகிறது, நாற்றம் அடங்குகிறது. மருந்து முடிந்த சில வாரங்களில் இரண்டும் திரும்புகின்றன. மறுபடியும் மருந்து, மறுபடியும் தணிவு. இச்சுழலில் ஆண்டுகள் கழிவதுண்டு.

காரணம் எளியது. மருந்து இரத்தத்தின் வழியே பயணிக்கிறது. இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே, காற்றறையில் உள்ள கிருமிகளை மருந்து ஓரளவு அழிக்கும். அவற்றை இடையறாது அனுப்பிக்கொண்டிருக்கும் பல்லின் உட்பகுதியை அது எட்டாது. கூரையில் ஓட்டையிருக்கத் தரையைத் துடைப்பது போன்ற வேலை அது; இங்கே ஓட்டை தரையில் இருக்கிறது என்பதே வேறுபாடு. தேவையின்றி மீண்டும் மீண்டும் இம்மருந்துகளை உட்கொள்வதால், அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பெருகும் தீங்கும் சேர்கிறது. நொச்சி இலையிட்டு ஆவி பிடித்தலும் உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் அடைப்பை இளக்கி ஆறுதல் தரும். அவற்றிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது முறையன்று.

துளையிட்ட வரலாறு

ஹைமோர் நோயைத் தீர்க்கவில்லை, அமைப்பை விளக்கினார். தீர்க்க முயன்றவர் வில்லியம் கௌப்பர் என்னும் இலண்டன் அறுவை மருத்துவர். முதலாம் பின்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, அதன் குழி வழியே காற்றறைக்குள் துளையிட்டுச் சீழை வடியச் செய்தார் அவர். ஜேம்ஸ் டிரேக் 1707இல் வெளியிட்ட நூலில் அம்முறை விளக்கப்பட்டுள்ளது. மயக்க மருந்து இல்லாத காலம் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் வேதனை ஒருபுறமிருக்க, தாழ்ந்த இடத்தில் துளையிட்டால் நீர் தானே வடியும் என்னும் எண்ணம் அறிவுக்குப் பொருந்துவதாகவே தோன்றியது.

அவ்வெண்ணம் இருநூறு ஆண்டுகள் நிலைத்தது. 1893இல் நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல், 1897இல் பாரிசின் ஹென்றி லூக் ஆகிய இருவரும் தனித்தனியே ஓர் அறுவை முறையை வகுத்தனர். மேலுதட்டின் உட்புறம் கோரைப்பல்லின் வேருக்கு மேலே கீறி, எலும்பைத் திறந்து, நோயுற்ற சவ்வை அகற்றி, மூக்கின் கீழ்ப்பகுதிக்கு ஒரு புதிய வடிகால் அமைப்பது அம்முறை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அதுவே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. அதன்பின் கன்னமும் பற்களும் மரத்துப்போனதாகக் கூறிய நோயாளிகள் பலர். வடிகால் திறந்திருந்தும் சிலருக்குச் சளி தேங்கியதுதான் புரியாப் புதிராக இருந்தது.

புதிரை விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர். சளி செல்லும் பாதையை அவர் பொறுமையுடன் தடம்பற்றிப் பார்த்தார். கீழே எத்தனை பெரிய துளை இருந்தாலும் குறுயிழைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இயற்கை வகுத்த மேல்வாயிலை நோக்கியே அவை சளியைத் தள்ளுகின்றன. ஆகவே, புதுவழி வெட்டுதல் பயனற்றது. பழைய வாயிலின் அடைப்பை நீக்கினால் போதும். ஹெரால்டு ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு வில்லைகள் கொண்ட மெல்லிய அகநோக்கி இதற்குக் கைகொடுத்தது. மெஸ்ஸர்கிளிங்கரின் மூக்கு அகநோக்கி நூல் 1978இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1980களில் அமெரிக்காவின் டேவிட் கென்னடி முதலியோரால் அம்முறை உலகெங்கும் பரவியது. இன்று முகத்திலோ வாயிலோ கீறலின்றி, நாசித்துளை வழியே இவ்வறுவை நடைபெறுகிறது.

எதை முதலில் தீர்ப்பது?

நோயுற்ற பல்லுக்கு இரண்டு வழிகள் உண்டு. காப்பாற்றக்கூடிய பல்லாயின் வேர்ச் சிகிச்சை. உடைந்தும் ஆடியும் பயனற்றுப்போன பல்லாயின் அகற்றுதல். பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணி, காக்கத்தக்க பல்லையும் இழப்பது அவசரம் ஆகும். வேர்ச் சிகிச்சையில், இறந்த பற்கூழை அகற்றி, வேரின் உட்குழல்களைத் தூய்மை செய்து, ரப்பர் போன்ற பொருளால் அடைக்கின்றனர். மேல்தாடை முதலாம் பின்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள் உண்டு. கன்னப்பக்க முன்வேருக்குள் ஒன்றுக்கு மாற்றாக இரண்டு குழல்கள் இருப்பது மிகப் பலரிடம் காணப்படுகிறது. நுண்ணிய அந்த நான்காம் குழல் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பினால், சிகிச்சை முடிந்த பல்லே தொடர்ந்து நோயைப் பரப்பும். முன்பே வேர்ச் சிகிச்சை செய்த பல் என்பதாலேயே அதை ஐயத்தினின்று விலக்கிவிடக் கூடாது.

பல்லின் குற்றம் நீங்கிய பின், நோயாளிகளுள் கணிசமானோர்க்குக் காற்றறை தானே சீராகிவிடுகிறது. குறுயிழைகள் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன. சில வாரங்கள் பொறுத்தும் சீராகாதவர்க்கு அகநோக்கி அறுவை தேவைப்படும். வாயில் முற்றிலும் அடைபட்டு வேதனை மிகுந்திருப்பின், அறுவையை முதலிலோ பல் சிகிச்சையுடன் சேர்த்தோ செய்வதும் உண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடுந்தலைவலியுடன் காய்ச்சல் ஆகியவை தோன்றினால் பொறுத்திருத்தல் ஆகாது. காற்றறையின் கூரை கண்குழியின் தரை ஆதலின், சீழ் கண்ணுக்கும், அரிதாக மூளைக்கும் பரவக்கூடும். அவர்கள் அன்றே மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர்கள்.

சிகிச்சையே காரணமாகும்போது

இந்நோய்க்குச் சொத்தை மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. பல் சிகிச்சையாலும் அது நேர்கிறது. வேர்க்குழலை அடைக்கும் பொருள் நுனியைக் கடந்து காற்றறைக்குள் சென்றுவிடலாம். துத்தநாக ஆக்சைடு கலந்த அடைபொருள்கள் அங்கே ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை உருண்டு திரள இடந்தருவதாகக் கருதப்படுகிறது. அத்திரளை மாத்திரையால் கரைக்க இயலாது. அறுவையால் அகற்ற வேண்டும். செயற்கைப் பல் பொருத்துவதற்கான உலோகத் திருகும் இவ்வாறே உள்ளே நழுவக்கூடும். பல்லை இழந்த இடத்தில் காற்றறை மேலும் கீழிறங்கி எலும்பு மெலிந்துவிடுவதால், திருகு பொருத்துமுன் அங்கே எலும்பின் கனத்தைக் கூட்டுதல் பலருக்குத் தேவையாகிறது.

ஹைமோரின் நோயாளிக்கு நேர்ந்ததும் சிகிச்சையின் விளைவே. பல்லைப் பிடுங்கும்போது தரை உடைந்து, வாய்க்கும் காற்றறைக்கும் இடையே புழை உண்டாதல் இன்றும் நிகழ்கிறது. குடித்த நீர் மூக்கின் வழியே வரும். ஊதுகருவி வாசிப்பவர்க்குக் காற்று பல்குழி வழியே நழுவும். 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட புழை, குழியில் உறையும் இரத்தத்தாலேயே மூடிக்கொள்வதுண்டு. 5 மில்லிமீட்டரைக் கடந்ததைத் தைத்து மூட வேண்டும். கன்னத்தின் உட்புறத் திசுவை இழுத்து மூடும் முறையை 1936இல் ஜெர்மானியராகிய ரேர்மன் விளக்கினார். கன்னத்தின் கொழுப்புத் திசுவைக் கொண்டு மூடுவதும் இப்போது வழக்கத்தில் உள்ளது. எம்முறையாயினும், காற்றறையின் சீழை முன்னரே நீக்காமல் மூடினால் தையல் நிலைக்காது.

கடைவாய்ப் பல் பிடுங்கியவருக்கு மருத்துவர் கூறும் அறிவுரைகள் இதனோடு தொடர்புடையன. சில நாள்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும்; உறிஞ்சுகுழல் கொண்டு பருகுதலும் புகைத்தலும் ஆகா. மூக்கைச் சிந்தும்போது காற்றறையினுள் எழும் அழுத்தம் இரத்த உறைவைக் கீழே தள்ளிவிடும். உறிஞ்சும்போது வாயில் ஏற்படும் வெற்றிடம் அதைக் கீழே இழுத்துவிடும். குழியை மூடி நிற்பது அந்தச் சிறு உறைவு ஒன்றே.